காத்துக்கொண்டு இருந்திருக்கிறேனாம்!

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் ஆங்கிலப் பயிற்சிப் பக்கத்தில் பிரசன்ட் பெர்ஃபெக்ட் கன்டினியூயஸ் டென்ஸ் பாடம் பார்த்தேன். ‘ஐ ஹேவ் பீன் வெயிட்டிங்’ என்பதற்கு ‘நான் காத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்’ என்று தமிழ் போட்டிருந்தீர்கள். என் மகள் அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, “அப்பா, இப்படி யாராவது பேசுவாங்களா?” என்றாள். பேச மாட்டார்கள். பேசினாலும் அர்த்தம் வேறு; என்றோ காத்திருந்த பழைய கதையாகிவிடும். ஆங்கில வாக்கியத்தில் ஆள் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார்.

நாம் சொல்வது ‘2 மணி நேரமாகக் காத்திருக்கிறேன்’. வினை சாதாரண நிகழ்காலம்தான். எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதை ‘ஆக’ பார்த்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் ‘ஃபார்’ மட்டும் போதாது, வினையும் மாற வேண்டும். இது பிடிபடாமல்தான் ‘ஐ ஆம் வெயிட்டிங் சின்ஸ் டூ அவர்ஸ்’ என்று எழுதிவிடுகிறோம். வேலைக்கு மனுப் போட்ட காலத்தில் நானும் இப்படித்தான் எழுதினேன். (ஜெர்மனிலும் பிரெஞ்சிலும்கூட இந்த இடத்தில் நிகழ்காலம்தான். வழுக்குவது நாம் மட்டுமல்ல என்று ஒரு சின்ன ஆறுதல்.)

மகளுக்கு இப்படிச் சொல்லிக்கொடுத்தேன்: ‘3 நாளாக’ என்று வந்தால் ‘ஃபார்’, ‘திங்கட்கிழமையிலிருந்து’ என்று வந்தால் ‘சின்ஸ்’. எது வந்தாலும், காரியம் இன்னும் நடந்துகொண்டிருந்தால் ‘ஹேவ் பீன்’ அல்லது ‘ஹேஸ் பீன்’, அப்புறம் ‘இங்’. உடனே அவள், ‘ஐ ஹேவ் பீன் நோயிங் ஹர் ஃபார் டென் இயர்ஸ்’ என்றாள். சரி, அங்கே உதைக்கிறது. தெரிந்திருப்பது ஒரு நிலை, செயல் அல்ல. அதற்கு ‘ஐ ஹேவ் நோன்’ தான்.

‘ஆக’வும் இல்லாமல், ‘இலிருந்து’ம் இல்லாமல் இந்த டென்ஸ் வருவதும் உண்டு. மூச்சு வாங்க வந்து நிற்பவரிடம் என்ன ஆச்சு என்று கேட்டால், ‘ஐ ஹேவ் பீன் ரன்னிங்’ என்பார். ஓட்டம் நின்றுவிட்டது, இரைப்பு நிற்கவில்லை. தமிழில் என்றால் ‘ஓடி வந்தேன்’ என்று இறந்தகாலத்தில் முடித்துவிடுவார். ஒரே டென்ஸுக்கு நம்மிடம் ஓரிடத்தில் நிகழ்காலம், இன்னோரிடத்தில் இறந்தகாலம். ‘கொண்டு இருந்திருக்கிறேன்’ இரண்டிலுமே ஒட்டவில்லை.

அடுத்த இதழில் ஃப்யூச்சர் பெர்ஃபெக்ட் கன்டினியூயஸ் என்று அறிவித்திருக்கிறீர்கள். ‘காத்துக்கொண்டு இருந்திருப்பேன்’ என்று அச்சேறும் முன், வீட்டில் யாரிடமாவது ஒருமுறை வாய்விட்டு வாசித்துக் காட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்