உன் கறுப்பு வெள்ளைப் படங்களைப் பற்றி

அன்பு நண்பா,

நலம். நீயும் வீட்டில் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ அனுப்பிய உருவப்படங்கள் வந்து சேர்ந்தன. "நன்றாயிருக்கிறது என்று மட்டும் எழுதிவிடாதே, அதைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள்" என்று உறையின் மேலேயே எழுதியிருந்தாய். ஆகையால் உடனே பதில் எழுதாமல், படங்களை மேசையின் மேல் பரப்பி வைத்து, போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பார்வையில் பிடித்துப்போன ஒன்று நாளாக நாளாகப் பின்வாங்கியது. கவனிக்காமல் கடந்துவிட்ட ஒன்று முன்னுக்கு வந்தது. அந்தப் பின்னதிலிருந்தே தொடங்குகிறேன்.

மரத்தடியில் நிற்கும் பெரியவரின் படம் அது. எது சரி, எது தவறு என்பதைப் பிறகு பார்ப்போம். என் கண் எங்கெங்கே போயிற்று என்பதை மட்டும் முதலில் வரிசையாகச் சொல்கிறேன். அது முதலில் போனது முகத்துக்கு அல்ல. அவருடைய இடது காதுக்குப் பின்னால், இலைகளின் இடைவெளியில் வானம் ஒரு வெள்ளைத் திட்டாகத் தெரிகிறதே, அங்கே போயிற்று. அடுத்ததாகச் சட்டைக் காலருக்கு. அதன் பிறகுதான் கண்களுக்கு வந்தது. வந்த பின் அங்கேயே நின்றுவிட்டது. இரண்டு கருவிழிகளின் மேற்பக்கத்திலும் திறந்த வானத்தின் சிறு வெளிச்சம் விழுந்திருக்கிறது. கண்ணோரச் சுருக்கங்களை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். தாடியின் நரை முடிகள் வெளுத்து ஒன்றாகிவிடாமல் இழை இழையாக நிற்கின்றன. நிழலில் நிறுத்தி, வெளிச்சம் வரும் திசையை நோக்கி முகத்தைத் திருப்பியதால் கிடைத்த பலன் இது. முகம் முழுதாக வந்திருக்கிறது. அதை அடையும் வழியில்தான் அந்த வெள்ளைத் திட்டு குறுக்கே நிற்கிறது.

நீ அங்கே நின்றபோது அந்தத் திட்டு உன் கண்ணில் பட்டிருக்காது என்பது எனக்குப் புரிகிறது. பச்சை இலைகளுக்கு முன்னால் பழுப்பு நிற முகம் தானாகவே பிரிந்து தெரிந்திருக்கும். நிறத்தை எடுத்துவிட்டால் இலையும் தோலும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகிவிடுகின்றன. மிஞ்சியிருக்கும் ஒரே வேறுபாடு வெளிச்சம்தான் என்பதால், படத்தில் மிகவும் வெளுத்த இடத்துக்குக் கண் ஓடுகிறது. இலைகளை இருட்டாக்குவதற்கு வழி உண்டு. நிறப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது கணினியில் பச்சை, மஞ்சள் நிறங்களின் வெளிச்ச அளவைக் கீழே இறக்கிப் பார். இலைகளை ஆட்டி வைப்பது பச்சையை விட மஞ்சள்தான் என்பதை உடனே காண்பாய். ஆனால் மஞ்சளில் அதிகம் கை வைத்தால் தோலும் கூடவே இருண்டுவிடும். ஃபிலிம் காலத்தில் லென்ஸுக்கு முன்னால் ஆரஞ்சு அல்லது சிவப்பு ஃபில்டரை மாட்டிக்கொண்டார்களே, அதுவும் இதே கணக்குதான்: தோல் சிவப்பை நிறையத் திருப்பி அனுப்புகிறது, ஃபில்டர் சிவப்பை உள்ளே விட்டுப் பச்சையையும் நீலத்தையும் தடுக்கிறது, ஆகவே முகம் வெளிச்சமாகிப் பின்னணி இருள்கிறது. அளவு மீறினால் உதடும் சுருக்கமும் கரைந்து முகம் மெழுகாகிவிடும். நேர்மாறாக, சிவப்பை உணராத பழைய ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிமில் உதடுகள் கறுத்து, தோலின் ஒவ்வொரு புள்ளியும் எழும்பித் தெரியும். அந்தப் பெரியவரின் சுருக்கங்களை நீ விரும்பியிருக்கிறாய் என்றே நினைக்கிறேன். அப்படியானால் சிவப்பை ஏற்றாதே.

இவ்வளவும் இலைகளுக்குத்தான். அந்த வெள்ளைத் திட்டு முழுக்க வெளுத்துப்போய்விட்டது. இல்லாத விவரத்தை எந்த ஃபில்டரும் திருப்பித் தராது. நீ உன் இடப்பக்கமாக ஓரடி நகர்ந்திருந்தால் அது அவர் தலைக்குப் பின்னால் மறைந்திருக்கும்.

நண்பகலில் திறந்த வெளியில் எடுத்த இளம்பெண்ணின் படத்தைப் பற்றி எனக்கு இத்தனை பொறுமை இல்லை. சூரியன் உச்சியில் இருந்திருக்கிறது. கண்குழிகள் இருண்டு, மூக்கின் நிழல் மேலுதடு வரை இறங்கியிருக்கிறது. அதைச் சரிசெய்யக் கணினியில் நிழல்களைத் தூக்கிவிட்டிருக்கிறாய். கறுப்பாக இருந்த கண்குழி இப்போது சாம்பலாக இருக்கிறது, அவ்வளவுதான். கண்ணுக்குள் வெளிச்சம் வரவில்லை. கணினியால் வெளிச்சத்தின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் முடியும், அது வரும் திசையை அதனால் மாற்ற முடியாது. அந்தப் பெண்ணை ஏதேனும் ஒரு சுவரின் நிழலுக்குள், நிழல் முடியும் விளிம்புக்குச் சற்று உள்ளே, வெளியே பார்த்தபடி நிறுத்தியிருந்தால் திறந்த வானமே ஒரு பெரிய விளக்காகியிருக்கும். முன்னால் வெயில் விழும் வெளிர்த் தரை இருந்தால் அது கீழிருந்து கண்களுக்கு வெளிச்சம் தரும். அந்த உச்சிவெயிலைத்தான் காட்ட வேண்டும் என்பது உன் எண்ணமானால் நிழல்களைக் கறுப்பாகவே விட்டுவிடு. கடுமையான வெளிச்சத்தில் எடுத்துவிட்டு மென்மையான வெளிச்சம் போல் பூசி மெழுகுவதை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இனி, என்னை உண்மையிலேயே உறுத்திய விஷயத்துக்கு வருகிறேன். பெரியவரின் படத்தைப் பார்த்த ஒருவர், "முகம் கறுப்பாக இருக்கிறது, கொஞ்சம் வெளிச்சமாக்கு" என்று சொன்னதாகவும், அதை ஏற்று இன்னொரு பிரதி எடுத்ததாகவும் எழுதியிருக்கிறாய். இரண்டு பிரதிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். முதல் பிரதியில் கன்னத்தின் மேட்டிலும் நெற்றியிலும் வெளிச்சம் வழுக்கி நிற்கிறது; கறுத்த தோலின் மேல் விழும் அந்த மினுக்கம்தான் முகத்தின் வடிவத்தையே செதுக்கிக் காட்டுகிறது. இரண்டாவதில் தோல் நடுச்சாம்பலாகி, மினுக்கத்துக்கும் மற்ற இடத்துக்கும் உள்ள இடைவெளி சுருங்கி, முகம் தட்டையாகிவிட்டது. முகம் கறுப்பாக இருக்கிறது என்பது படத்தைப் பற்றிய கருத்தாக எனக்குத் தோன்றவில்லை. முகம் எப்படி இருக்க வேண்டும் என்று பார்ப்பவர் மனத்தில் ஏற்கெனவே ஊறியிருக்கும் விருப்பம் அது. முகத்தில் விவரம் தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் அது கருத்து. விவரம் தெளிவாகவே தெரிகிறது.

கேமராவுக்கும் இதில் பங்கு உண்டு. அதன் ஒளிமானி எதை அளந்தாலும் அதை நடுச்சாம்பலாக்கவே பார்க்கும். கறுத்த முகத்தை நெருங்கி அளந்து அது சொன்னபடியே எடுத்தால், முகம் இருப்பதைவிட வெளுத்துத்தான் வரும். ஆன்சல் ஆடம்ஸ், ஃப்ரெட் ஆர்ச்சர் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர்கள் 1940ஐ ஒட்டி வகுத்த, கறுப்பு முதல் வெள்ளை வரையுள்ள சாயல்களைப் படிகளாகப் பிரிக்கும் ஜோன் முறையில், வெயில் படும் வெள்ளையரின் தோலை நடுச்சாம்பலுக்கு ஒரு படி மேலே வைப்பது வழக்கம். முறை நல்ல முறைதான். அந்த ஒரு படி எல்லோருடைய முகத்துக்குமான சட்டம் என்று பிறகு பலர் எடுத்துக்கொண்டதில்தான் கோளாறு. உன் பெரியவரை நடுச்சாம்பலிலிருந்து ஒரு படி கீழே வைத்தால் அவர் அவராக இருப்பார். முதல் பிரதியையே வைத்துக்கொள். இரண்டாவதைக் கிழித்துப்போட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

நான் எடுத்து அனுப்பிய உருவப்படத்துக்கு நீ எழுதிய கருத்துகளுக்கு வருகிறேன். கை மணிக்கட்டில் வெட்டுப்படுகிறது என்றாய், ஒப்புக்கொள்கிறேன். மூட்டில் வெட்டினால் உறுப்பு அறுந்தது போலத் தெரிகிறது. முன்கையின் பாதியில் வெட்டினால் அது ஃப்ரேமுக்கு வெளியே தொடர்வதாகக் கண் எடுத்துக்கொள்கிறது. அடுத்த பிரதியில் சற்று மேலே வெட்டியிருக்கிறேன். முகம் சரியாக நடுவில் இருக்கிறது, ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கலாம் என்றாய். இதை ஏற்க மாட்டேன். படத்தில் இருப்பவர் லென்ஸை நேருக்கு நேர் பார்க்கிறார், தோள்கள் இரண்டும் சமமாக நிற்கின்றன. அவரை ஓரமாக ஒதுக்கினால் காலியாகும் பக்கத்தில் எதைப் பார்ப்பது? கிரெய்ன், அதாவது படத்தில் தெரியும் பொடிப்புள்ளிகள், அதிகம் என்று நீ சொன்னதைப் பொறுத்தவரை, நீ பார்த்தது திரையில் பெரிதாக்கப்பட்ட படம். பளபளப்பில்லாத மேட் தாளில் கையளவு பிரிண்ட்டாக அனுப்புகிறேன், அதைப் பார்த்துவிட்டு மறுபடியும் சொல். எதை, எந்த அளவில் பார்த்தோம் என்பதையும் கருத்தோடு சேர்த்துச் சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது.

நான் போய்வரும் ஒரு சிறு கூட்டத்தில், படத்தை எடுத்தவர் மற்றவர்கள் பேசி முடிக்கும் வரை வாய் திறக்கக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். முதலில் எரிச்சலாக இருந்தாலும், இப்போது அதன் பயன் தெரிகிறது. அன்று என்ன வெயில், அந்த மனிதர் எவ்வளவு கஷ்டப்பட்டவர், அவரைச் சம்மதிக்கவைக்க எப்படி அலைந்தோம் என்றெல்லாம் எடுத்தவர் சொல்லத் தொடங்கிவிட்டால், கேட்பவர்கள் கதையைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். பேசாமல் இருந்தால் படத்தில் உண்மையில் எது வந்திருக்கிறது, எது நம் மனத்திலேயே தங்கிவிட்டது என்பது தெரிந்துவிடுகிறது. எல்லாக் கருத்துக்கும் ஒரே எடை கொடுக்க வேண்டியதில்லை என்பதும் அங்கே பழகியதுதான். 1936இல் கலிஃபோர்னியாவில் டோரோத்தியா லாங், வேலை தேடி இடம் பெயர்ந்த ஒரு தாயைக் குழந்தைகளோடு எடுத்த படம் உனக்குத் தெரியும். அதன் வலப்பக்கக் கீழ்மூலையில், கூடாரக் கம்பத்தைப் பிடித்திருக்கும் ஒரு கட்டைவிரல் இருந்தது. லாங் அதைப் பின்னால் நெகடிவிலிருந்தே அழிக்கச் செய்தார். மூலையில் விரல் தெரிகிறது என்று ஒருவர் சொன்னால் அது உண்மைதான். ஆனால் அந்தத் தாயின் நெற்றியிலும், கன்னத்தைத் தொடும் விரல்களிலும் நிற்கும் கண்ணை அந்தக் கட்டைவிரல் இழுக்குமா? இழுக்காது என்பது என் எண்ணம், அழிக்காமலே விட்டிருக்கலாம். உன் பெரியவரின் காதுக்குப் பின்னால் உள்ள திட்டோ கண்ணை முதலில் இழுக்கிறது. இரண்டும் குறைதான், இரண்டும் ஒரே அளவு அல்ல.

அந்தப் படத்தில் இருந்தவரும் ஒரு கருத்துச் சொன்னார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ஃபிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற அந்தப் பெண்மணி யார் என்பது உலகுக்குத் தெரிந்தது 1978இல்தான்; தன்னை எடுக்காமலே இருந்திருக்கலாம் என்றும், அதனால் தனக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்றும் அவர் சொன்னார். வெளிச்சத்தையும் ஃப்ரேமையும் பற்றிய நம் பேச்சில் அதற்குப் பதில் இல்லை. உன் படத்தில் இருப்பவர்களுக்குப் பிரதிகளைக் காட்டினாயா என்று நீ எழுதவில்லை. காட்டும்போது ஒன்றை நினைவில் வை: தம் முகத்தை அவர்கள் கண்ணாடியில் இடவலம் மாறியே பார்த்துப் பழகியவர்கள், படத்தில் வாய் கோணலாக இருக்கிறது, மூக்கு வேறு மாதிரி தெரிகிறது என்று சொல்வார்கள். அதைக் கேட்டு லென்ஸைக் குறை சொல்லிக்கொள்ளாதே. ஆனால் இந்தப் படத்தை யாருக்கும் காட்ட வேண்டாம் என்று சொன்னால், அது எத்தனை நல்ல படமானாலும் எடுத்து உள்ளே வைத்துவிடு.

பின்னணியை முழுவதும் மங்கலாக்கிவிடலாமா என்று கேட்டிருந்தாய். அருகில் இருக்கும் கண்ணில் ஃபோகஸ் நின்று காது வரை கரைந்துபோகும் படங்களை நிறையப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது. ரிச்சர்ட் அவெடன் 1979 முதல் 1984 வரை அமெரிக்க மேற்குப் பகுதியில் எடுத்த உருவப்படங்களில் பின்னணியே கிடையாது. வெட்டவெளியில், நிழலில் வெள்ளைத் தாளைக் கட்டி அதற்கு முன்னால் ஆட்களை நிறுத்தினார். ஆகஸ்ட் ஸாண்டர் 1914இல் எடுத்த மூன்று இளம் விவசாயிகளின் படத்தில், அவர்கள் நிற்கும் பாதையும் பின்னால் விரியும் வெளியும் கூடவே இருக்கின்றன. பின்னணி வேண்டுமா வேண்டாமா என்பதை இருவரும் தெரிந்தே முடிவு செய்திருக்கிறார்கள். உன் பெரியவர் அந்த மரத்தடியைச் சேர்ந்தவர் என்றால் மரம் தெரியட்டும். முக அமைப்பை மாற்றுவது லென்ஸின் எண் (குவியத் தூரம்) அல்ல, நீ நிற்கும் தூரம்தான். மிக நெருங்கினால் மூக்கு பெருத்துக் காது சிறுத்துவிடும் என்பதால், ஓரிரண்டு அடி பின்னால் நின்றே எடு.

இத்துடன் மேட் தாளில் எடுத்த பிரதிகளை வைத்திருக்கிறேன். உன் கண் போன வழியைப் பிரதியின் மேலேயே பென்சிலால் கோடிட்டு, 1, 2, 3 என்று எண் போட்டுத் திருப்பி அனுப்பு. காரணம் எழுத வேண்டிய அவசியமில்லை, அதை நானே தேடிக்கொள்கிறேன். பெரியவரின் படத்தின் நிறக் கோப்பையும், நீ கைவைப்பதற்கு முன் இருந்த நிலையிலேயே அனுப்பி வை. மஞ்சளை எவ்வளவு இறக்கினால் தோல் இருளாமல் இலைகள் மட்டும் அடங்கும் என்று நானும் ஒருமுறை பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்