ரேகை விழவில்லை

பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ பெங்களூருக்கு பஸ் ஏறிப் போன மறுநாளே எழுத உட்கார்ந்தேன். ஆடு, கோழி, அப்பாவின் மாத்திரை என்று தள்ளிப்போய் இன்றைக்குத்தான் முடிகிறது. போனில் சொல்லியிருக்கலாம்தான். சொன்னால், "விடும்மா, ஆதார்ல அப்டேட் பண்ணிட்டா சரியாயிரும்" என்று முடித்துவிடுவாய். இது அப்படி முடிகிற விஷயமாக எனக்குத் தெரியவில்லை.

பொங்கல் தொகுப்பு வாங்க ரேஷன் கடைக்குப் போயிருந்தேன். நீ ஊருக்கு வருவதற்கு நான்கு நாள் முன்னால். டோக்கனில் போட்டிருந்த நேரத்துக்கே போய் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் வலது கைப் பெருவிரலை வைத்தேன். மெஷின் எடுக்கவில்லை. இடது கைப் பெருவிரல், ஆள்காட்டி விரல், மோதிர விரல் என்று ஒவ்வொன்றாக வைத்தேன். முந்தானையில் துடைத்துவிட்டு வைத்தேன். பின்னால் நின்ற பெண் தலையில் தடவிக்கொண்டு வைக்கச் சொன்னாள், எண்ணெய்ப் பசை இருந்தால் எடுக்குமாம். அதையும் செய்தேன். "ரேகை விழ மாட்டேங்குதும்மா" என்றான் கடைத் தம்பி. நல்ல பையன், முகம் சுளிக்கவில்லை. கண்ணைப் பார்த்து எடுக்கிற கருவி அன்றைக்கு வேலை செய்யவில்லை.

"நோட்டுக் குடு தம்பி, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிறேன்" என்றேன்.

"கையெழுத்தெல்லாம் இப்ப இல்லைம்மா. வீட்ல ஐயாவ வந்து வைக்கச் சொல்லுங்க."

மறுநாள் அப்பா போய் விரலை வைத்தார். ஒரே தடவையில் விழுந்தது. காலமெல்லாம் தையல் மெஷினில் துணி தள்ளிய விரல், தேயவில்லை. கரும்பும் பச்சரிசியும் வந்து சேர்ந்தன. நீ வந்த அன்றைக்குப் பொங்கிய பொங்கல் அந்த அரிசியில்தான். அப்போது உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை.

அரிசி கிடைக்காமல் போயிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. தலையில் விரலைத் தடவினேன் பார், அதுதான் மூன்று நாள் தூங்கவிடவில்லை. உனக்கு அது தெரிய நியாயமில்லை. எங்கள் காலத்தில் கைநாட்டு வைத்ததும் விரலில் ஒட்டிய மையைத் தலையில்தான் தேய்ப்போம். என் அப்பா அப்படித் தேய்த்ததைச் சின்ன வயதில் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். கடன் கொடுத்தவர் வீட்டுத் திண்ணையில், எழுதாத தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டார்கள். வாங்கியது 300 ரூபாய். பின்னால் அந்தத் தாளில் எவ்வளவு எழுதினார்கள் என்று கடைசி வரைக்கும் அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. எங்கள் ஒன்றரை ஏக்கர் புன்செய் போனது அந்தத் தாளில்தான். அதற்குப் பிறகு அவர் யாரிடமும் உரக்கப் பேசி நான் கேட்டதில்லை.

குடுமியான்மலைப் பக்கம் ஆடு மேய்க்கப் போவோம். கோயிலுக்குப் பின்னால் பாறையில் வரிவரியாக வெட்டி வைத்திருக்கிறார்கள் அல்லவா, இசைக் கல்வெட்டு, உன்னையும் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறேன். 7ஆம் நூற்றாண்டு என்று இப்போது சொல்லத் தெரிகிறது. அன்றைக்கு எனக்கு அந்த எழுத்தும் ஒன்றுதான், பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருக்கிற ஊர்ப் பெயரும் ஒன்றுதான். பஸ்ஸை நிறத்தை வைத்துத்தான் அடையாளம் வைத்திருந்தோம்.

1991-ல் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் வந்தபோது எனக்கு 24 வயது. கல்யாணமாகிக் குவாரியில் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தேன். பகலெல்லாம் சம்மட்டி பிடித்த கைக்கு ராத்திரி பலப்பம் பிடிக்க வராது, விரல் மடங்காது. தெருவிளக்கு எரியாத நாளில் அரிக்கேன் விளக்கை நடுவில் வைத்துக்கொண்டு உட்காருவோம். சொல்லிக்கொடுத்தது பத்தாவது முடித்த பக்கத்துத் தெருப் பெண், சம்பளம் இல்லாத வேலை அவளுக்கு. என் பெயரில் மூன்றாவது எழுத்து மட்டும் வளையாமல் முரண்டு பிடித்தது. கையைப் பிடித்துப் பிடித்து எழுத வைத்தாள்.

அடுத்த சனிக்கிழமை குவாரியில் கூலிப் பட்டுவாடா. கணக்குப்பிள்ளை வழக்கம்போல மைப் பெட்டியைத் தள்ளினார். நான் பேனா கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார், கொடுத்தார். என் பெயரை எழுதி முடிக்கிற வரைக்கும் வரிசை நின்றது. பின்னால் இருந்த ஒருத்தியும் அவசரப்படுத்தவில்லை. அன்றைக்கு விரலைத் தலையில் தேய்க்காமல் வீட்டுக்கு வந்தேன்.

அதற்கு அப்புறம்தான் சைக்கிள். மாவட்ட ஆட்சியராக ஷீலா ராணி சுங்கத் இருந்தார். அறிவொளியோடு சைக்கிளையும் சேர்த்துவிட்டார்கள். வற்றிக் கிடந்த கண்மாயில் ஓட்டிப் பழகினோம். ஊரில் பேசாத பேச்சில்லை. லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் நிறையப் பேர் பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள், நானும் அப்படித்தான். நீ பிறந்த பிறகு அந்தப் பாரில்தான் உன்னை உட்கார வைத்துப் பால்வாடிக்குக் கூட்டிப்போனேன். 1992 மார்ச் 8-ல், மகளிர் தினத்தன்று, புதுக்கோட்டை டவுனுக்குள் ஆயிரத்து ஐந்நூறு பெண்களுக்கு மேல் மணி அடித்துக்கொண்டு சைக்கிளில் போனோம். கடை வாசலில் நின்ற ஆண்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். நம் ஜில்லாவில் அதற்கு முன்னால் அப்படி நடந்ததில்லை.

பிறகு குவாரியைப் பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்கு விட்டபோது லோடு கணக்கு எழுதும் வேலை எனக்கு வந்தது. சைக்கிளுக்கு வங்கிக் கடன் வாங்கினேன், கையெழுத்துப் போட்டு. 1996 தேர்தலில் ஓட்டுச் சீட்டின் அடிக்கட்டையில் கையெழுத்துப் போட்டேன். அதற்கு முந்தின தேர்தலில் அதே பள்ளிக்கூடத்தில் கைநாட்டு வைத்தவள். உன்னைப் பள்ளியில் சேர்க்கும்போது போட்ட கையெழுத்தை அப்பா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார், தலைமையாசிரியர் மேசை ஆடும்படி அழுத்தி எழுதினேனாம்.

போன மாதம் கிளை நூலகத்தில் ஒரு பழைய பத்திரிகையில் கைரேகையைப் பற்றி ஒரு கட்டுரை கிடைத்தது. 1858-ல் வங்காளத்தில் ஹூக்ளிப் பக்கம் வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி, கோனாய் என்ற ஒப்பந்தக்காரரின் முழுக் கையையும் மையில் தோய்த்து ஒப்பந்தத்தில் பதிய வைத்திருக்கிறார். "இந்தக் கையெழுத்து என்னுடையது இல்லை" என்று பின்னால் அவர் மறுத்துவிடக் கூடாதே என்று பயம் காட்டுவதற்காக. என்ன ஒப்பந்தம் தெரியுமா? சாலைக்குப் போடுகிற சரளை. படித்ததும் பத்திரிகையை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். சாலைக்கு ஜல்லி உடைத்துத்தானே என் ரேகை தேய்ந்தது.

இத்தனை நாளும் மனசுக்குள் உறுத்தியதற்கு அந்தக் கட்டுரையில்தான் பிடி கிடைத்தது. கையெழுத்து நான் போடுவது. ரேகை என்னிடமிருந்து எடுத்துக்கொள்வது. கையெழுத்துப் போடுகிறவள் படித்துப் பார்க்கலாம், "இந்த வரியை மாத்துங்க" எனலாம், பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போகலாம். மெஷினில் விரலை வைத்துக்கொண்டு நிற்பவளுக்குப் பேச ஒன்றும் இல்லை. நான் நான்தான் என்று அது சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். இல்லை என்று அது சொல்லிவிட்டால், அந்தத் தெருவில் நாற்பது வருசமாக என்னைத் தெரிந்த அத்தனை பேரும் பக்கத்தில் நின்றாலும் பயனில்லை.

புதுசு எதையும் பிடிக்காமல் பேசுகிறேன் என்று நினைக்காதே. பட்டாவை இணையத்தில் எடுக்கலாம் என்று நீ காட்டிக்கொடுத்த அன்றைக்கு எனக்குக் கண் கலங்கியது உனக்குத் தெரியும். என் அப்பாவுக்கு அது கிடைத்திருந்தால் என்று தோன்றியது. நம் மாநிலத்தில் ஏழை பணக்காரர் என்று பிரிக்காமல் எல்லாக் குடும்பத்துக்கும் ரேஷன் அட்டை இருக்கிறது. 2011-லிருந்து அரிசி விலையில்லாமல் வருகிறது. வயதானவர்களுக்கு 2025 ஆகஸ்டிலிருந்து வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கத் தொடங்கினார்கள், பக்கத்து வீட்டு ஆச்சி வாசலில் உட்கார்ந்து வாங்கிக்கொள்கிறது. இவ்வளவு நல்ல ஏற்பாட்டில் இந்த ஒரு முள் இருக்கிறதே என்றுதான் ஆதங்கம். களவு நடக்கக் கூடாது, ஒருவர் அரிசியை இன்னொருவர் தூக்கிப் போகக் கூடாது, அதற்குத்தான் விரல் என்கிறார்கள். சரி. ஆனால் சிமெண்டு குழைத்த கை, பாத்திரம் தேய்த்த கை, பீடி சுற்றிய கை, நாற்று நட்ட கை, இந்தக் கைகளில்தான் முதலில் ரேகை அழிகிறது. யாருக்காகக் கடை நடக்கிறதோ அவர்களைத்தான் மெஷின் திருப்பி அனுப்புகிறது.

நூறு நாள் வேலையிலும் இதே கதைதான். முன்னால் என்எம்ஆர் என்கிற வருகைப் பதிவு நோட்டில் கையெழுத்து. இப்போது காலையில் ஒரு போட்டோ, மதியம் ஒரு போட்டோ, பணித்தளப் பொறுப்பாளர் போனில் எடுத்து ஏற்ற வேண்டும். கண்மாய்க் கரையில் சிக்னல் இல்லாத அன்றைக்கு அந்தப் பெண் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடக்கும். அன்றைய கூலி அந்தப் போட்டோவில் தொங்குகிறது. 2025 டிசம்பரில் காந்தி பெயரை எடுத்துவிட்டு 125 நாள் என்று புதுச் சட்டம் போட்டிருக்கிறார்கள். செலவில் நூற்றுக்கு நாற்பது பங்கை மாநிலம் தர வேண்டுமாம். நாள் கூடியதை நான் குறை சொல்லவில்லை. வேலை கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்ற பிடி தளர்ந்துவிடக் கூடாது என்றுதான் எங்கள் குழுக் கூட்டத்தில் பேசினேன்.

வாக்காளர் பட்டியல் திருத்தம் 2025 நவம்பர் 4-ல் தொடங்கியது அல்லவா, அப்போது எனக்கு வேறு வேலையே இல்லை. ஆளுக்கு இரண்டு படிவம், 2002, 2005 பட்டியலில் பெயர் எங்கே என்று தேட வேண்டும். நம் தெருவில் 17 வீட்டுக்கு நான்தான் பூர்த்தி செய்து கொடுத்தேன். திருப்பூருக்குப் போன பிள்ளைகள், கல்யாணமாகி வேறு ஊர் போன பெண்கள், எல்லாருக்கும் பழைய பாகம் எண் தேடினேன். கையெழுத்து அல்லது இடது கைப் பெருவிரல் ரேகை என்று படிவத்தில் இருந்தது. ஆச்சி விரலை நீட்டியது. "வேணாம், நீ எழுதிருவ" என்று பேனாவைக் கொடுத்தேன். ஆச்சியும் 1991-ல் எங்களோடு உட்கார்ந்து படித்ததுதான், முப்பது வருசமாகப் பேனா தொடவில்லை. கை நடுங்கிக்கொண்டே எழுதியது. மூன்று எழுத்து. பட்டியல் வந்தபோது பெயர் இருக்கிறதா என்று என்னிடம் நான்கு தடவை கேட்டது. இருக்கிறது.

ஓட்டுப் போடப் போகும்போது இடது ஆள்காட்டி விரலில் வைக்கும் மையை மட்டும் நான் துடைக்கப் பார்ப்பதில்லை. மைசூரில் இருந்து வருகிறது அந்த மை, 1962-லிருந்து. அதோடு பதிவேட்டிலும் நான் கையெழுத்துப் போடுவேன். அதனால் அந்த மை எனக்குக் கைநாட்டு மாதிரித் தெரியாது.

பாப்பா, இப்போது உன்னிடம் கேட்க வந்ததைக் கேட்கிறேன். உன் வேலை என்ன என்று போன தடவை விளக்கமாகச் சொன்னாய். ஒரு செயலி வெளியே போவதற்கு முன்னால் எங்கெங்கே உடைகிறது என்று தட்டித் தட்டிப் பார்ப்பது. ஜல்லி உடைக்கும்போது நாங்களும் கல்லைத் தட்டி ஓசையை வைத்துத்தான் எங்கே பிளக்கும் என்று பார்ப்போம். நீ அப்படித் தட்டிப் பார்க்கும்போது யார் விரலை வைத்துப் பார்க்கிறீர்கள்? உங்கள் ஆபீசில் இருக்கிறவர்கள் விரலையா? என் விரலை வைத்துப் பார். ஆச்சியின் விரலை வைத்துப் பார். அதில் விழாவிட்டால் அடுத்து என்ன வழி என்று உன் மேலதிகாரியிடம் கேள். ஒரு நோட்டு, ஒரு பேனா, பொறுப்பான ஒரு ஆள், இதற்கு அதில் ஓர் இடம் விட்டிருக்கிறார்களா என்று கேள். நீ பார்ப்பது ரேஷன் மெஷின் இல்லை, ஏதோ பேங்குக்கான செயலி என்று சொன்னாய். பேங்கிலும் விரல்தானே கேட்கிறார்கள். கேட்டால் உன் பேரில் கோபப்படுவார்களோ என்று எனக்குப் பயமாகவும் இருக்கிறது. இருந்தாலும் ஒரு தடவையாவது கேட்டுப் பார்.

இலுப்பூருக்குப் போய் ஆதாரில் ரேகையைப் புதுசாகப் பதிந்துவிட்டு வந்தேன். அங்கே இருந்த பெண் பத்து விரலையும் ஈரத் துணியால் துடைத்துவிட்டு, "லேசாத்தான் இருக்கு அம்மா, பாப்போம்" என்றது. அடுத்த மாதம் சர்க்கரை வாங்கப் போகும்போது தெரியும். அப்பாவைக் கூட வரவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். கையெழுத்து நோட்டு ஒன்று வைக்கச் சொல்லி வட்ட வழங்கல் அலுவலருக்கு ஒரு மனு எழுதியிருக்கிறேன். எங்கள் குழுவில் 14 பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுக்கப் போகிறோம்.

பனங்கிழங்கு அவித்துக் காயவைத்தது ஒரு பொட்டலம், முந்திரி அரைக் கிலோ, இரண்டையும் பெங்களூருக்கு வரும் உன் சிநேகிதியிடம் கொடுத்து விடுகிறேன். வாங்கிக்கொண்டதும் போன் பண்ணு. சைக்கிளுக்குப் பின் டயர் மாற்றியாகிவிட்டது. நீ அனுப்பிய பணத்தில் 200 மிச்சம் இருக்கிறது. ராத்திரி கண் முழிக்காதே.

முடிந்தால் நீயும் ஒரு கடிதம் எழுது. உன் எழுத்தை நான் பார்த்து எவ்வளவோ வருசம் ஆகிவிட்டது.

இப்படிக்கு,
உன் அம்மா