பழைய டிராக்டரைப் பிரிக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் வேளாண் பக்கம் புதிய இயந்திரங்களைப் பற்றியும் அவற்றுக்கான மானியங்களைப் பற்றியும் விரிவாக எழுதி வருகிறது. ஆனால் சேற்றுழவுக்கும் வண்டியடிப்பதற்கும் எங்கள் பகுதியில் இன்றும் ஓடுபவற்றில் பல, முப்பது நாற்பது ஆண்டுகள் உழைத்த டிராக்டர்கள். அவற்றில் “கியர்பாக்ஸில் சத்தம்” என்றதுமே வண்டியை இரண்டாகப் பிரித்துவிடும் வழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கண்டறிந்தால் இவற்றில் பல பிரிப்புகளைத் தவிர்க்க முடியும் என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் நன்கு அறிந்த மாசி பெர்குசன் 35-ஐயே எடுத்துக்கொள்கிறேன். பிரிட்டனில் 1956-ல் பெர்குசன் 35 என்ற பெயரில் வெளிவந்த இந்த வடிவமைப்பின் வழி வந்த வண்டிகளைத்தான், 1960-ல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் மூலம் நம் விவசாயிகள் அறிவார்கள். லாரியைப் போல இதற்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. எஞ்சின், கியர்பாக்ஸ், பின் அச்சு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று போல்ட் போட்டு இறுக்கப்பட்டு, அவையே வண்டியின் முதுகெலும்பாக நிற்கின்றன. ஆகவே ஒரு சிறிய பேரிங்கை மாற்றுவதற்குக்கூட வண்டியை நடுவில் பிரித்துத் தாங்கல் கொடுத்து நிறுத்த வேண்டியிருக்கும். கூலியில் பெரும்பகுதி இதற்கே போய்விடுகிறது.

நேர்ப்பற்கள் கொண்ட பழைய கியர்கள் ஓடும்போது ஊளையிடுவது அவற்றின் இயல்பு. இருபது ஆண்டுகளாக ஒரே மாதிரி ஊளையிடும் கியர்பாக்ஸை நோயாளியாகக் கருத வேண்டியதில்லை. நேற்று இல்லாமல் இன்று தோன்றிய சத்தத்தையும், வாரத்துக்கு வாரம் வளரும் சத்தத்தையும்தான் ஆராய வேண்டும்.

அதற்கு முதல் சோதனையை, வண்டியைச் சமதளத்தில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து எஞ்சினை ஓடவிட்டுச் செய்யலாம். இந்த நிலையில் பின் அச்சில் சக்கரங்களைச் சுழற்றும் கிரவுன் வீல், பினியன், டிஃபரன்ஷியல் எதுவுமே சுழல்வதில்லை. எனவே சத்தம் கேட்டால் பின் அச்சின் கியர்களைச் சந்தேகிக்கக் காரணமில்லை. கிளட்சை மிதித்ததும் சத்தம் அடங்கினால், கியர்பாக்ஸுக்குள் நுழையும் தண்டு, அதனுடன் எப்போதும் இணைந்து சுழலும் அடித்தண்டு, அவற்றின் பேரிங்குகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மாறாக, மிதிக்கும்போது மட்டும் சத்தம் எழுந்தால் அது பெரும்பாலும், மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்காகவே இருக்கும். இரட்டைக் கிளட்ச் உள்ள வண்டிகளில் இன்னும் ஒரு வசதி உண்டு: பாதி மிதித்தால் கியர்பாக்ஸுக்குச் செல்லும் சுழற்சி மட்டும் நிற்கிறது, முழுவதும் மிதித்தால், பின்னால் இணைக்கும் கருவிகளுக்குச் சுழற்சி தரும் பி.டி.ஓ. தண்டும் நின்றுவிடுகிறது. பாதியில் அடங்காத சத்தம் முழு மிதியில் அடங்கினால், குறை கியர்பாக்ஸின் பற்களில் இல்லை, பி.டி.ஓ. வரிசையில் இருக்கிறது.

அந்த வரிசையில்தான் ஹைட்ராலிக் பம்ப் இருக்கிறது. பின் அச்சின் ஹவுசிங்குக்குள் ஆயிலில் மூழ்கியிருக்கும் இந்தப் பம்ப் பி.டி.ஓ. தண்டிலிருந்தே சுழற்சியைப் பெறுவதால், அது கத்தும்போது கியர்பாக்ஸே கத்துவது போலத் தோன்றும். கலப்பையைத் தரையில் இறக்கிவிட்டு, கிளட்சை மிதித்து, பி.டி.ஓ. லீவரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தால் பம்ப் நின்றுவிடும். சத்தமும் அதோடு நின்றால் விடை கிடைத்துவிட்டது. எனக்குத் தெரிந்த ஒருவரின் வண்டியில் கியர்களையும் பேரிங்குகளையும் மாற்றி, பணத்தையும் கட்டி, வீட்டுக்கு ஓட்டிவந்த பிறகும் அதே சத்தம் கேட்டது. பம்பின் வடிகட்டி அடைத்திருந்ததே காரணம் என்று பின்னர் தெரிந்தது. லீவரை ஒருமுறை நகர்த்திப் பார்க்க ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

அடுத்து வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும். 35-ல் மூன்று கியர்களுக்குப் பின்னால் 4-க்கு 1 என வேகத்தைக் குறைக்கும் கோள் சக்கரத் தொகுதி ஒன்று இருக்கிறது. ஆறு முன் கியர்களும் இரண்டு ரிவர்ஸ் கியர்களும் கிடைப்பது இதனால்தான். மூன்று கியர்களிலும், இந்தத் தொகுதி வேகத்தைக் குறைக்கும் லோவில் மட்டும் சத்தம் கேட்டு, ஹைக்கு மாற்றியதும் மறைந்தால் இந்தத் தொகுதியைத் தவிர வேறெதையும் தொட வேண்டாம். ஒரே ஒரு கியரில் மட்டும் சீரான இடைவெளியில் டக், டக் என்று கேட்டால் அந்தக் கியரில் பல் உடைந்திருக்கலாம். எல்லாக் கியர்களிலும் வண்டியின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் உறுமல் கிரவுன் வீல், பினியன் பக்கத்தையும், வளைவில் திரும்பும்போது மட்டும் எழும் சத்தம் டிஃபரன்ஷியலையும் காட்டும். இரும்புச் சக்கரத்தின் போல்ட் தளர்ந்திருப்பதும், டிரெய்லர் கொக்கியின் ஊசி தேய்ந்திருப்பதும் இவற்றைப் போலவே ஏமாற்றும் என்பதால் அவற்றை முதலில் இறுக்கிவிடுவது நல்லது. இரும்புக் கம்பியின் ஒரு முனையை ஹவுசிங்கில் ஊன்றி மறுமுனையைக் காதோடு வைத்துக் கேட்கும் பழைய முறை இன்றும் பயன்படும். ஆனால் வேட்டி நுனியும் தோளில் கிடக்கும் துண்டும் சுழலும் பி.டி.ஓ. தண்டின் அருகே போகவே கூடாது.

இத்தனைக்கும் முன்னதாக ஆயிலைப் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கியர்பாக்ஸ், பின் அச்சு, ஹைட்ராலிக் மூன்றுக்கும் இதில் ஒரே ஆயில்தான், ஏறத்தாழ 30 லிட்டர். இரவு முழுவதும் வண்டி ஓடாமல் நின்ற பிறகு, காலையில் ஆயிலை வடிக்கும் அடித்திருகைத் தளர்த்தி முதலில் வருவதைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்தால், சேற்றுழவில் புகுந்த தண்ணீர் இருந்தால் தனியாகத் தெரியும் அல்லது ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருக்கும். மாவுபோன்ற சாம்பல் நிறக் கசடு வயதுக்கு ஏற்ற தேய்மானம். விரலில் உறுத்தும் இரும்புச் சில்லுகள் பற்களிலிருந்தோ பேரிங்கிலிருந்தோ வந்தவை. வெண்கல நிறத் துகள்கள் புஷ்களிலிருந்து வந்தவை. சில்லுகள் கிடைத்துவிட்டால் பிறகு தயங்க வேண்டியதில்லை, வண்டியைப் பிரித்தே ஆக வேண்டும். அப்போதும், கியர் லீவர் பொருந்திய மேல்மூடியைக் கழற்றிப் பற்களைப் பார்த்துவிட்டுப் பிரிப்பது புத்திசாலித்தனம். இந்த வண்டியில் ஸ்டீயரிங் பெட்டியும் அதோடு சேர்ந்து வருவதால் சிலர் இதைச் செய்யச் சோம்பல்படுகிறார்கள்.

வேளாண்மைப் பொறியியல் துறை நடத்தும் பயிற்சி முகாம்களில் இந்தச் சோதனைகளை ஒரு பழைய வண்டியை நிறுத்தி வைத்தே கற்றுக்கொடுக்கலாம். தங்கள் வேளாண் பக்கமும் இவற்றைப் படங்களுடன் வெளியிடலாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம். சத்தத்தை அமுக்குவதற்காக மிகக் கெட்டியான ஆயிலை ஊற்றி, கிரீஸையும் கலந்து விற்கும் தரகர்கள் உண்டு. அந்தக் கெட்டி ஆயிலை இழுக்க முடியாமல் ஹைட்ராலிக் பம்ப் நாளடைவில் கெட்டுப்போகக்கூடும். எனவே விலை பேசுவதற்கு முன் அடித்திருகைத் தளர்த்தி ஆயிலைக் காட்டச் சொல்ல வேண்டும். மறுத்தால் அந்த வண்டியை விட்டுவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
தஞ்சாவூர் மாவட்டம்.