ஆஸ்டன் மார்ட்டின் வாங்குவோர் முதலில் கியர்பாக்ஸைப் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு பதிப்பின் வாகனப் பக்கத்தில் ஆஸ்டன் மார்ட்டின் நிறுவனத்தின் டிபி9, வி8 வாண்டேஜ் கார்கள் இரண்டையும் குதிரைத்திறனை வைத்தே எடை போட்டிருந்தீர்கள். 450-உம் 380-உம் சரியான எண்கள்தான். ஆனால் 2004, 2005-இல் அறிமுகமான கார்களை இன்று பழையதாக வாங்கி, கல்யாண வாடகைக்கும் விடலாம் என்று நினைக்கும் நம் பிள்ளைகளுக்கு அந்த எண்களால் பயனில்லை.

தீபகற்ப மலேசியாவில் தனியார் காருக்கு 3,000 சிசிக்கு மேல் சாலை வரி 2,130 ரிங்கிட். கூடும் ஒவ்வொரு சிசிக்கும் 4.50 ரிங்கிட். டிபி9-இன் வி12 இன்ஜின் 5,935 சிசி. ஆண்டுக்கு 15,337.50 ரிங்கிட் ஆகிறது. 4.3 லிட்டர் வாண்டேஜுக்கு ஏறக்குறைய 7,900. இந்தச் சாலை வரியைப் பற்றி ஒரு சொல்கூட கட்டுரையில் இல்லை.

அதைவிட முக்கியம் கியர்பாக்ஸ். வாண்டேஜில் வரும் ஸ்போர்ட்ஷிஃப்ட், ஆட்டோ கியர் அல்ல. சாதாரண கிளட்ச்தான், காலுக்குப் பதில் இயந்திரம் அதை அழுத்துகிறது. மாப்பிள்ளை ஊர்வலத்தில் நடை வேகத்தில் ஊர்ந்தால் கிளட்ச் பாதி பிடித்தபடியே உரசிச் சூடேறும். மேட்டில் பிரேக்கை விட்டுவிட்டு ஆக்சிலரேட்டரை மிதித்துக் காரை நிறுத்தி வைப்பது அதைவிடக் கேடு. கிளட்ச் இன்ஜின் பக்கமும் கியர்பாக்ஸ் பின் சக்கரங்களுக்கிடையிலும் இருப்பதால், மாற்றுவதற்குப் புகைக்குழாய், கியர்பாக்ஸ், அதை இன்ஜினோடு இணைக்கும் நீண்ட குழல் எல்லாம் இறங்க வேண்டும். அவ்வளவும் இறக்கிய பிறகு கிளட்சைத் தள்ளும் பழைய ஸ்லேவ் சிலிண்டரையே திரும்பப் பூட்டுவது வீண் சிக்கனம். இந்த வகைக் காரை ஓட்டுவோர் நெரிசலில் முன் வண்டிக்கு இடைவெளி விட்டு ஒரேயடியாக நகர வேண்டும். நின்றதும் நியூட்ரல் போட வேண்டும்.

டிபி9-இன் டச்ட்ரானிக், கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியே சக்தியைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் உள்ள உண்மையான ஆட்டோ. ஊர்வதற்கு அதுவே ஏற்றது. ஆனால் பின் இருக்கையை நம்பி மணமக்களை ஏற்ற முடியாது. பட்டுப்புடவையோடு அங்கே யாரும் உட்கார இயலாது. வாண்டேஜில் பின் இருக்கையே கிடையாது.

டிபி9-க்கு வேறு செலவு உண்டு. 12 சிலிண்டருக்கும், பிளக்கில் பொறி வரவைக்கும் காயில் தனித்தனி. அவை இன்ஜினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் இருக்கின்றன. ஒன்று கெட்டு இன்ஜின் விட்டுவிட்டு அடித்தால், மேனிஃபோல்டைக் கழற்றிய கையோடு 12 காயிலையும் பிளக்கையும் மாற்றிவிட வேண்டும். மாற்றாமல் அப்படியே ஓட்டினால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதையும் கெடுக்கும்.

வாண்டேஜில் இன்ஜின் எண்ணெய் தனித் தொட்டியில் இருக்கிறது. இரவு முழுக்க நின்ற காரில் எண்ணெய் கீழே வடிந்திருக்கும். காலையில் எண்ணெய் அளவுக் குச்சியைப் பார்த்தால் குறைவாகத் தெரியும். அதை நம்பி ஊற்றினால் அளவு மிஞ்சும். நன்றாக ஓடிச் சூடான பிறகு, இன்ஜினை அணைத்துச் சில நிமிடம் விட்டுத்தான் பார்க்க வேண்டும். காருக்கு அடியில் மூடியிருக்கும் தட்டையும் கழற்றிப் பாருங்கள். இன்ஜின் முன்பக்க மூடியான டைமிங் கவரில் கசியும் எண்ணெயை அந்தத் தட்டு மறைத்துவிடும். செம்மண் சாலையில் கல் அடித்த தழும்பும் அங்கேதான் தெரியும்.

இரண்டு காரின் உடலிலும் பெரும்பகுதி அலுமினியம். கதவுப் பிடியைச் சுற்றியும் பக்கக் கண்ணாடியின் அடியிலும் விரலை ஓட்டிப் பாருங்கள். பெயிண்டுக்குக் கீழே பொரிப்பொரியாகத் தட்டுப்பட்டால் அலுமினியம் அரிக்கத் தொடங்கிவிட்டது; உள்ளே வெள்ளைப் பொடி இருக்கும். மேலே பெயிண்ட் அடித்து மூடினால் மறுபடி கிளம்பும். நம் ஊர் ஈரத்தில் இது சீக்கிரம் பரவும்.

என் கருத்தில், வாடகைக்கும் நெரிசலுக்கும் டச்ட்ரானிக் டிபி9. சொந்தமாக ஓட்டி மகிழ மேனுவல் வாண்டேஜ். ஸ்போர்ட்ஷிஃப்ட் வண்டியை, கிளட்ச் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கணினி வைத்துப் பார்த்த பிறகே வாங்க வேண்டும். அடுத்த ஒப்பீட்டில் சாலை வரியையும் கியர்பாக்ஸ் வகையையும் குதிரைத்திறனுக்குப் பக்கத்திலேயே அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பட்டறைத் தொழிலாளி,
சுங்கை சிப்புட், பேராக்