திரைப்படச் சங்கத்தின் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக்குழு உறுப்பினர்களே, நண்பர்களே, வணக்கம்.

சென்ற பொதுக்குழுவுக்குப் பின் மாதாந்திரத் திரையிடல்கள் தடையின்றி நடந்தன. குறும்பட நாள் வழக்கம்போல் நடைபெற்றது. நூலகத்துக்கு ஒரு அலமாரி வாங்கினோம்.

அடுத்து, ஹங்கேரிப் படவரிசை. நான் முன்மொழிந்தது என்பதால் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஹங்கேரி இயக்குநர் பேலா தார் என்றதும் ஏழு மணி நேரத்துக்கு மேல் ஓடும் 'சாத்தான்டேங்கோ'தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அவருடைய முதல் முழுநீளப் படமான 'ஃபேமிலி நெஸ்ட்'டை நம்மில் பலர் பார்த்ததில்லை. அதைத்தான் முதலில் திரையிட்டோம். 1977இல், 22 வயதில், புடாபெஸ்டின் பேலா பலாஸ் ஸ்டூடியோவுக்காக எடுத்தார். கறுப்பு வெள்ளை; நடித்தவர்கள் தொழில்முறை நடிகர்கள் அல்லர். 1979இல் ஜெர்மனியின் மான்ஹைம் திரைப்பட விழாவில் பரிசு பெற்றது.

கணவன் லாட்சி ராணுவ சேவையில் இருக்க, மனைவி இரேன் சின்ன மகளுடன் மாமனார் வீட்டில் ஒண்டிக்கொண்டு வாழ்கிறாள். இடுக்கான வீடு, ஆட்களோ அதிகம். கணவன் திரும்பி வந்த பிறகும் நிலைமை மாறவில்லை. மருமகளுக்கு வேறு தொடர்பு இருப்பதாக மகன் காதில் ஓதிக்கொண்டே இருக்கிறார் மாமனார். வீட்டு ஒதுக்கீட்டு அலுவலகத்தில் இரேன் கெஞ்சும் காட்சியை நீங்கள் அவசியம் பார்த்திருக்க வேண்டும். காலியாகக் கிடக்கும் வீட்டையாவது கொடுங்கள் என்கிறாள். அதிகாரி கத்தவில்லை, திட்டவில்லை. விதியைச் சொல்கிறார், காத்திருக்கச் சொல்கிறார்.

பத்து லட்சம் வீடுகள் கட்டுவதாக 1960இல் அறிவித்து, 15 ஆண்டுகளில் கட்டியும் முடித்த நாடு அது. அப்படியும் தலைநகரில் இளம் தம்பதிகள் பெற்றோர் வீட்டிலேயே முட்டி மோதிக்கொண்டு இருந்தார்கள். குடும்பம் உடைந்ததற்கு மாமனார் மட்டும் காரணமா, இடமின்மையும் காரணமா? படம் தீர்ப்பு சொல்வதில்லை. கடைசியில் கணவனும் மனைவியும் தனித்தனியே பேசுவதைக் காட்டி முடித்துவிடுகிறது. இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

ரோமா என்ற ஐரோப்பியச் சிறுபான்மை இனப் பெண்ணொருத்தி மீது நடக்கும் பாலியல் வன்கொடுமைக் காட்சி பற்றி ஆட்சேபம் வந்தது. படம் தொடங்கும் முன்பே அதைச் சொல்லி எச்சரித்திருந்தேன். இரேனின் தோழியான அவளுக்கு அந்தக் கொடுமையைச் செய்வது லாட்சியும் அவன் சகோதரனும்தான். அதை வெட்டிவிட்டால் இரேனின் கணவன் வெறும் அப்பாவி ஆகிவிடுவான். 'பணம் கொடுத்து அழுகைப் படம் எதற்கு?' என்று குழுவிலும் கேட்டார்கள். படம் முடிந்ததும் ஒரு மூத்த உறுப்பினர் எழுந்து, 'அந்த மாமனார் பேச்சை நான் பன்னிரண்டு வருஷம் கேட்டிருக்கேன்' என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். விவாதம் அதன் பிறகு வாட்ச்மேன் வந்து விளக்கை அணைக்கும் வரை போனது.

ஆனால் வந்தவர்கள் மிகக் குறைவு. வருவதாக வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டியவர்களில் பாதிப் பேர்கூட அரங்குக்கு வரவில்லை. நாற்காலி காலியாக இருந்தாலும் அரங்க வாடகை முழுதாகத்தான் கட்ட வேண்டும். வரிசையில் அடுத்ததாக இருந்த 'தி அவுட்சைடர்', 'தி ப்ரீஃபேப் பீப்பிள்' இரண்டையும் இதனால் ஒத்திவைக்க வேண்டியதாயிற்று. வீடு கிடைத்த பிறகும் குடும்பம் நிம்மதியாக இருப்பதில்லை என்பதை 1982இல் வந்த 'தி ப்ரீஃபேப் பீப்பிள்' காட்டுகிறது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் இயக்குநரின் எண்ணம் முழுதாகப் புரியும்.

வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். மொத்தத்தில் வரவும் செலவும் சரிக்குச் சரி. கையிருப்பு சொல்லிக்கொள்ளும்படி இல்லை. சந்தா பாக்கி மட்டும் கணிசமாக உள்ளது. சிலருக்கு இது மூன்றாவது ஆண்டு. பெயர்களை இங்கே வாசிக்க நான் விரும்பவில்லை. பதிவேடு மேசையில் இருக்கிறது.

அரங்கம் தந்தவர்களுக்கும், ப்ரொஜெக்டரை இயக்கிய நண்பருக்கும், தேநீர் ஏற்பாடு செய்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு அந்த இரண்டு படங்களையும் போட்டே ஆக வேண்டும் என்பது என் விருப்பம். இரண்டுக்கும் தமிழ்க் கதைச்சுருக்கம் எழுதி வைத்திருக்கிறேன். அரங்குக்கு முன்பணம் கட்ட இந்த மாதக் கடைசி வரை அவகாசம் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் வாசலருகே உட்கார்ந்திருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்