ஆப்புக்குப் பணம் கட்டிவிடாதே

மக்களே,

நான் பள்ளிக்கூடம் போகாமலே தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதப் படிக்கிறேன் என்று, பாடம் சொல்லித்தரும் போன் ஆப்புக்கு ஒரு வருடச் சந்தா கட்டப்போவதாக வாய்ஸ் அனுப்பியிருந்தாயே, கட்டிவிடாதே. எனக்கு வேண்டியதெல்லாம் சும்மாவே கிடைக்கிறது. படிக்கத்தான் நேரம் காணாது.

பரணில் கிடக்கும் உன் புத்தகங்கள் இனி உதவாது. 2019இல் பத்தாம் வகுப்புக்குப் புதுப் புத்தகம் வந்துவிட்டது. பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் எல்லாப் பாடமும் இலவசமாகவே இருக்கிறது, போனில் இறக்கிக்கொண்டேன். கணக்கு மட்டும் காசு கொடுத்து வாங்கினேன், பென்சிலால் கிறுக்காமல் எனக்குக் கணக்கு ஏறாது. பாடத்துக்குப் பாடம் க்யூஆர் கோடு என்று ஒரு கட்டம் கட்டமான குறி போட்டிருக்கிறார்கள். அதை திக்‌ஷா என்ற அரசுப் பாட ஆப்பில் காட்டினால் வீடியோ வருகிறது. கல்வித் தொலைக்காட்சிப் பாடங்களும் யூடியூபில் கிடக்கின்றன.

ஆனால் வீடியோவை நம்பி உட்கார்ந்தால் எல்லாம் புரிந்தது போலவே இருக்கும், மறுநாள் முந்திரிக்கொட்டை உடைக்கும் அண்டி ஆபீஸில் உட்கார்ந்து நினைத்துப் பார்த்தால் ஒன்றும் நிற்காது. சமூக அறிவியலுக்குப் புத்தகம்தான். வடிவியலுக்கு மட்டும் வீடியோவை விட்டால் கதி இல்லை. வட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளி வைத்துத் தொடுகோடு வரைய வேண்டும். காம்பஸை எங்கே ஊன்றுகிறார் என்று நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறேன். வடிவியலும் வரைபடமும் ஒவ்வொன்றும் 8 மார்க், இரண்டும் சேர்ந்தால் 16, விடுவேனா? அண்டி எண்ணெய் பட்டுத் தேய்ந்த விரலைப் போன் சில நேரம் கண்டுகொள்வதே இல்லை. அதனால் மைக்கைத் தொட்டுத் தமிழிலேயே கேட்டுவிடுகிறேன்.

எனக்குப் பெரிய துணை நம் நூலகம்தான். வெள்ளிக்கிழமைதான் அவர்களுக்கு லீவு, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். சர்ச் முடிந்து நேரே அங்கே போய்விடுவேன். முதலில் கூச்சமாக இருந்தது, மேசை முழுக்க டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற பிள்ளைகள். பிறகு பார்த்தால் அவர்கள் கையிலும் அதே பள்ளிக்கூடப் புத்தகம்! குரூப் 4 எழுதுகிறவர்கள் ஆறாம் வகுப்பிலிருந்து பத்து வரை கரைத்துக் குடிக்கிறார்கள். அதனால் அந்தப் புத்தகங்கள் அங்கே எப்போதும் இருக்கும், எது கேட்டாலும் சொல்லித்தர ஆளும் இருக்கும். "அக்கா, இது பரீட்சைக்கு வரும், இது வராது" என்று தள்ளிவைப்பதற்கும் ஆள் உண்டு. அதை மட்டும் நான் கேட்பதில்லை. டிகிரி முடித்த பையன் ஒருவன் சுதந்திரப் போராட்டப் பாடத்தை என்னிடம் ஒப்பிக்கிறான், நான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு தப்பு பார்க்கிறேன். எந்த ஆப்பில் இது கிடைக்கும், சொல்லு?

மேலத்தெரு சித்திக்கு எழுத்துக்கூட்டவே வராது என்று உனக்குத் தெரியுமே. அவள் இப்போது சாயங்காலம் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். 15 வயதுக்கு மேல் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டமாம். தொண்ணூறுகளில் அறிவொளி என்று எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது உன் ஆச்சி கையெழுத்துப் போடப் படித்தாளே, அதே மாதிரிதான். பஸ் போர்டைச் சத்தமாக வாசித்து எங்கள் மானத்தை வாங்குகிறாள்.

போனை வைத்து முடியாதது ஒன்று உண்டு, அறிவியல் செய்முறை. அதற்கு 25 மார்க், எழுத்துத் தேர்வுக்கு 75. தனித்தேர்வர்கள் முன்னாடியே பதிந்து, அவர்கள் சொல்லும் பள்ளிக்குப் பயிற்சிக்குப் போகவேண்டும். அந்த நாட்களுக்கு லீவு கேட்டு மேஸ்திரியிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். முகம் சுளித்தார், சுளிக்கட்டும்.

உனக்குப் பணம் செலவழித்தே ஆகவேண்டுமென்றால் நெட் கார்டு போட்டுவிடு, மாசக் கடைசியில் தீர்ந்துபோகிறது. நைட் டியூட்டி இல்லாத நாளில் ரியாத்தில் ஏழரைக்குக் கூப்பிடு, இங்கே பத்து மணி, அடுப்படி வேலை முடிந்திருக்கும். தேல்ஸ் தேற்றம் ஒரு இடத்தில் முட்டுகிறது. புத்தகத்தைத் திறந்து வைத்திருப்பேன்.

அம்மை