டைகர் இங்கேயே இருக்கட்டும்

அன்புள்ள தம்பிக்கு,

நம் நாய் டைகரைப் பெங்களூருக்குக் கூட்டிப் போய்விடுகிறேன் என்று சொன்னாய். போனில் பதில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியிலேயே வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் வேண்டாம் என்பதற்குக் காரணம் எங்கள் ஞாயிற்றுக்கிழமை நடை. நம் தெருவிலும் பின் தெருவிலும் நாய் வளர்க்கிறவர்கள் சேர்ந்து, வெயில் ஏறுவதற்குள் புது ஆற்றங்கரையில் நடந்துவிட்டு வருகிறோம். தஞ்சாவூர் வெயிலில் அப்புறம் தார் ரோட்டில் கால் வைக்க முடியாது. அதுகளுக்கென்ன, செருப்பா இருக்கிறது?

டைகர் குணம் உனக்குத் தெரியும். எதிரே ஒரு நாய் வந்துவிட்டால் சங்கிலியை அறுத்துக்கொண்டு பாய்வான். முதலில் என் தோள்பட்டையே கழன்றுவிடும் போலிருந்தது. ரிட்டயர்டான டீச்சர் ஒருவர்தான் வழி சொன்னார். எதிரெதிராகக் கொண்டுவராமல், நல்ல இடைவெளி விட்டு எல்லாரும் ஒரே பக்கமாக நடக்கவேண்டுமாம். முன்னால் போகிற நாய் மோந்த இடத்தையே இவனும் மோந்துகொண்டு போனான். முறைக்க நேரமில்லை. வாரா வாரம் இடைவெளியைக் குறைத்தோம். இப்போது எலக்ட்ரீஷியன் வீட்டு ராஜபாளையத்தோடு ஒட்டிக்கொண்டு நடக்கிறான்.

அந்த ராஜபாளையத்துக்குக் காது கேட்காது. அந்த இனத்தில் பிறவியிலேயே அப்படிச் சில குட்டிகள் பிறக்கும். கையைத் தூக்கினால் உட்காரும், கீழே காட்டினால் படுக்கும். நான் தொண்டை கிழியக் கத்தியும் உட்காராத உன் டைகர், அந்தக் கையைப் பார்த்து டக்கென்று உட்காருகிறான். காது நன்றாகக் கேட்கிறவனுக்குச் சொன்னால்தான் ஏறாது போல. உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆற்றுப் பக்கம் யாரும் அவிழ்த்துவிடுவதில்லை. இது மேட்டூர் அணை வந்த 1934-ல் திறந்த, வெட்டின கால்வாய். மணல் திட்டு, நாணல் என்று காலூன்ற ஒன்றும் இல்லை. ஜூன் 12-ல் மேட்டூரில் திறந்து, அப்புறம் கல்லணையிலும் திறந்துவிட்டால் தண்ணீர் சுழித்துக்கொண்டு வரும். கான்கிரீட் சரிவில் இறங்கிய நாய் பிறாண்டிப் பிறாண்டிப் பார்க்கும், ஏற முடியாது. ஜனவரிக் கடைசியில் தண்ணீரை நிறுத்தும்வரை சங்கிலி கையில்தான். தேங்கிய தண்ணீரையும் குடிக்க விடமாட்டோம். வயல் எலி மூத்திரம் கலந்திருந்தால் எலிக்காய்ச்சல் வந்துவிடும். அதனால் பாட்டிலும் கிண்ணமும் என் பையில் இருக்கும்.

வெறிநாய்க்கடித் தடுப்பூசி அட்டையைக் காட்டாதவர்களை டீச்சர் சேர்த்துக்கொள்வதே இல்லை. வருஷா வருஷம் போட்டிருக்கவேண்டும். டைகருக்குப் போட்டாயிற்று.

உன் அப்பா விஷயம் வேறு. சர்க்கரைக்கு நடங்கள் என்று டாக்டர் சொல்லியும் நகராத மனுஷன், இப்போது எனக்கு முன்னால் சங்கிலியை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார். நீ நாயைக் கூட்டிப் போனால் அவரை யார் கூட்டிப் போவது?

அங்கே உனக்குப் பதினோராவது மாடி. காலையில் போனால் ராத்திரிதான் வருகிறாய். பூட்டிய வீட்டில் அவன் என்ன செய்வான்? தீபாவளிக்கு வரும்போது ஒரு ஞாயிறு நீயே அவனைப் பிடித்துக்கொண்டு எங்களோடு நட. அதற்கப்புறமும் கூட்டிப் போகவேண்டும் என்று தோன்றினால் பேசலாம்.

வரும்போது அகலமான கழுத்துப் பட்டை ஒன்று வாங்கி வா. இங்கே வாங்கினது உரசி உரசிக் கழுத்து முடி கொட்டிவிட்டது.

அன்புடன்,
அம்மா